கையின் நோவும் உழைப்பின் ஒழுங்கும்: கணினி, கையடக்கத் தொலைபேசிப் பாவனை பற்றிய ஒரு நோக்கு

மனிதக் குரங்கு மனிதனாக மாறியதில் உழைப்பு வகித்த பங்கினை ஆராய்ந்து பிரெடெரிக் ஏங்கெல்ஸ் 1876ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை, அவர் மறைந்த பின்னர் 1896இலேயே அச்சேறியது. பல்லாயிரம் தலைமுறைகளின் வேலை மனிதனது கையை எங்ஙனம் வனைந்தெடுத்தது என்பது அக்கட்டுரையின் மையப் பொருள்களுள் ஒன்று. இன்று அதன் மறுபக்கமான வினாவொன்றை எழுப்ப வேண்டிய தேவை ஏற்பட்டுள்ளது. உழைப்பே கையை ஆக்கிற்று எனின், கையைக் கெடுக்கும் உழைப்பு எத்தகையது?

இது வெறும் தத்துவ வினா அன்று. அலுவலகங்களில் நாள்முழுதும் தரவுகளைப் பதிவுசெய்வோர், அச்சகங்களிற் பக்கங்களை அமைப்போர், ஆய்வேடு எழுதும் மாணவர், பரீட்சைப் புள்ளிகளைக் கணினியில் ஏற்றும் விரிவுரையாளர், கையடக்கத் தொலைபேசியிலேயே வாசிப்பும் எழுத்தும் நடத்துவோர் எனப் பலரும் இன்று மணிக்கட்டு நோவு, விரல் விறைப்பு, பெருவிரலடி வலி ஆகியவற்றைப் பற்றி முறையிடுகின்றனர்.

இவர்களுக்குக் கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று கருவியைக் குறைகூறும். புதிய விசைப்பலகை, மணிக்கட்டுத் திண்டு, பட்டி ஆகியவற்றை வாங்குமாறு பணிக்கும். மற்றையது ஆளைக் குறைகூறும். நிமிர்ந்திருக்கத் தெரியாதவர், உடற்பயிற்சி செய்யாதவர், நரம்புத் தளர்ச்சி உடையவர் என்று சொல்லி அனுப்பிவிடும். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் வேலை எவ்வாறு ஒழுங்கமைக்கப்பட்டுள்ளது என்ற வினாவை இரண்டுமே தவிர்த்துச் செல்கின்றன. பெரும்பாலான கை நோவுகளின் பின்னால் நிற்பது இடையீடற்ற, மாற்றமற்ற வேலையே என்பதையும், ஆகவே தடுப்பின் சாரம் ஓய்வை வேலைக்குள்ளேயே அமைத்துக்கொள்வதில் தங்கியுள்ளது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய நோய், புதிய பொறிகள்

இந்நோவு கணினியோடு தோன்றியதன்று. தொழில் மருத்துவத்தின் தந்தை எனக் கருதப்படும் இத்தாலிய மருத்துவர் பேர்னார்டினோ ராமட்சினி, தொழிலாளரின் நோய்கள் பற்றிய தமது நூலை 1700இல் மொடெனா நகரில் வெளியிட்டார். 1713இல் வெளிவந்த விரிவான பதிப்பில் எழுத்தர்களின் நோய்கள் பற்றிய பகுதியைச் சேர்த்தார். எழுத்தர்களின் துன்பத்துக்கு அவர் கூறும் காரணங்கள் மூன்று: இடைவிடாது அமர்ந்திருத்தல், கை ஒரே திசையில் ஓயாது அசைதல், பிழை நேர்ந்துவிடுமோ என்ற மனவழுத்தம். தமக்கு அறிமுகமான பத்திர எழுத்தர் ஒருவரைப் பற்றியும் அவர் குறிப்பிடுகின்றார். அம்மனிதரின் வலக்கை செயலிழந்தது. அவர் இடக்கையால் எழுதப் பழகினார். சில காலத்தில் இடக்கையும் அதே நோய்க்கு ஆளாயிற்று. கையை மாற்றியும் வேலையை மாற்றாதவிடத்து நோய் நீங்காது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தந்தி பரவியது. மோர்ஸ் விசையை ஒரே கையால் நாள்முழுதும் தட்டியவர்களுக்குத் தந்தியாளர் கைப்பிடிப்பு என்னும் நோய் ஏற்பட்டது. பிரித்தானியாவில் 1906ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ், நட்டஈடு பெறத்தக்க தொழில்சார் நோய்களின் பட்டியலில் இது 1908இற் சேர்க்கப்பட்டது. அதன்பின் முறைப்பாடுகள் பெருகவே அஞ்சற் திணைக்களம் குழுவொன்றை நியமித்தது. 1911இல் வெளிவந்த அதன் அறிக்கை, தொடர்ச்சியான களைப்பையும் தனியாளின் நரம்புப் பலவீனத்தையும் ஒருங்கே காரணமாகக் காட்டியது. வேலையா, வேலை செய்பவரா என்ற வாதம் அன்றே தொடங்கிவிட்டதை இங்கு அவதானிக்கலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் யப்பானிலே துளையட்டைப் பொறிகளில் வேலைசெய்த பெண்களிடையே கழுத்து, தோள், கை நோவுகள் பரவின. அந்நாட்டுத் தொழில் அமைச்சு 1964இல் வெளியிட்ட வழிகாட்டி குறிப்பிடத்தக்கது. நாளொன்றுக்கு 300 நிமிடத்துக்கு மேல் விசைப்பலகையில் வேலை வாங்கலாகாது; மணிக்கொருமுறை ஏறத்தாழ 10 நிமிட ஓய்வு தரவேண்டும்; ஒருநாளில் 40,000 விசைத்தட்டல்களுக்கு மேற்படலாகாது என்பன அதன் முக்கிய விதிகள். இவை நாற்காலியின் உயரத்தைப் பற்றியன அல்ல. வேலையின் அளவையும் ஓய்வையும் பற்றியன.

1980களின் நடுப்பகுதியில் அவுஸ்திரேலியாவில் இந்நோவு பெருமளவில் முறையிடப்பட்டது. சிலர் அதனைக் கங்காருப் பாதம் என எள்ளினர். நோயாளிகள் நட்டஈட்டுக்காக நடிக்கின்றனர் என்றும், இது கூட்டு மனமயக்கம் என்றும் கூறிய மருத்துவரும் உளர். ஆயின் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் புள்ளிவிபரங்கள் சிந்தனைக்குரிய ஓர் உண்மையை வெளிப்படுத்தின. மிக விரைவாகத் தட்டிய தந்தியாளரிடையே முறைப்பாடு குறைவாகவும், அவர்களிலும் குறைவாகத் தட்டிய தொலைபேசி இணைப்பாளரிடையே பன்மடங்கு அதிகமாகவும் இருந்தது. தட்டல்களின் எண்ணிக்கை ஒன்றே நோவைத் தீர்மானிப்பதில்லை என்பது இதனாற் பெறப்படும். இருக்கையின் அமைப்பு, வேலையின் சலிப்பு, மேற்பார்வையின் நெருக்குதல், தன் வேகத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் உரிமை உண்டா இல்லையா என்பன யாவும் கருதப்பட வேண்டியன. மனவழுத்தத்தை மூன்றாவது காரணமாகக் கூறிய ராமட்சினி இதனை முன்னரே உய்த்துணர்ந்திருந்தார் எனலாம். மனம் இதிற் பங்குகொள்கிறது என்பதனால் நோவு பொய்யாகிவிடாது.

கையின் அமைப்பு

நோவு எங்கே, எவ்வாறு தோன்றுகிறது என்பதை அறியக் கையின் அமைப்பைச் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன: மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. விரல்களுக்குள்ளே தசைகள் இல்லை என்பது பலர் அறியாத செய்தி. விரல்களை வலுவாக மடக்கும் தசைகளும் நீட்டும் தசைகளும் முன்னங்கையில் இருக்கின்றன. அவற்றிலிருந்து புறப்படும் தசைநாண்கள், பொம்மலாட்டக் கயிறுகள்போல, மணிக்கட்டைக் கடந்து விரல்களைச் சென்றடைகின்றன. விசைப்பலகையில் வேலைசெய்பவருக்கு முழங்கைக்குச் சற்றுக் கீழே வலி தோன்றுவது இதனாலேயே.

மணிக்கட்டின் உட்புறத்தில் எலும்புகள் ஒரு வளைவை அமைக்கின்றன. அவ்வளைவின்மேல் உறுதியான இழையப் பட்டியொன்று கூரைபோல மூடியுள்ளது. இவ்வாறு அமைந்த ஒடுங்கிய வழியே மணிக்கட்டுச் சுரங்கம். ஒன்பது தசைநாண்களும் நடுநரம்பும் அதனூடாகச் செல்கின்றன. எலும்பும் பட்டியும் விரிந்துகொடுக்கமாட்டா. எனவே தசைநாண்களின் உறை வீங்கினாலோ, மணிக்கட்டு நெடுநேரம் மடிந்திருந்தாலோ, நெருக்கப்படுவது மென்மையான நரம்பே. 1981இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று இச்சுரங்கத்தினுள் அழுத்தத்தை அளந்தது. மணிக்கட்டு நேராக இருக்கையில் நலமுடையோரிடம் அது சராசரியாக 2.5 மில்லிமீற்றர் இரசம். நரம்பு நெருக்கப்பட்டோரிடம் 32. மணிக்கட்டை முற்றாக மேலே நிமிர்த்தினாலும் கீழே மடக்கினாலும் நலமுடையோரிடத்தும் அழுத்தம் 30ஐ எட்டியது. மணிக்கட்டை நேராக வைத்திருங்கள் என்ற பழகிப்போன அறிவுரைக்கு அடிப்படை இதுவே.

நடுநரம்பு நெருக்கப்படும்போது பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் அரைப்பகுதி ஆகியன விறைக்கும், சிறுவிரல் விறைப்பதில்லை. இரவில் விறைப்பு மிகுந்து உறக்கத்தைக் கலைக்கும். கையை உதறினாற் குறையும். இவையே இந்நோயின் அடையாளங்கள். மாறாக, சிறுவிரலும் மோதிரவிரலும் விறைக்குமாயின் நோவின் இடம் முழங்கையாக இருத்தல் கூடும். முழங்கையை மடித்துத் தொலைபேசியை நெடுநேரம் காதிலோ கண்முன்னோ பிடித்திருப்போரிடம் இது தோன்றலாம். பெருவிரலடியில், மணிக்கட்டின் வெளிப்புறத்தில் வலி எழுமாயின் அது வேறொன்று. பெருவிரலை அகற்றவும் நீட்டவும் உதவும் இரு தசைநாண்கள் செல்லும் உறை தடித்துவிடும் இந்நிலையை 1895இல் விளக்கியவர் சுவிற்சர்லாந்துச் சத்திரசிகிச்சையாளர் பிரிற்ஸ் டி கேர்வன். நோய் இன்னதென வேறுபடுத்தி அறியாது கைநோவு என்ற ஒரே பெயரால் எல்லாவற்றையும் வழங்குவது மருந்தையும் தடுப்பையும் தவறான இடத்திற் செலுத்துவதாகும்.

குறைந்த வேகம் ஓய்வாகாது

பாரந்தூக்குபவரின் தசை களைப்பது எளிதில் விளங்குவது. இறகு போன்ற விசைகளைத் தொடும் கை ஏன் களைக்கின்றது? சுவீடன் நாட்டு ஆய்வாளர் கோரன் ஹெக் 1991இல் முன்வைத்த கருதுகோள் இதற்கு ஒரு விளக்கம் தருகின்றது. தசை முழுவதும் ஒரே நேரத்தில் இயங்குவதில்லை. இலேசான வேலைக்குச் சில சிறிய நார்களே முதலில் அழைக்கப்படுகின்றன. வேலை கடுமையாகும்போது மற்றவை வந்து சேர்கின்றன; வேலை இலேசாகும்போது அவை முதலில் விடுபடுகின்றன. முதலில் வந்த சிறிய நார்களோ தசை முற்றாகத் தளரும்வரை உழைத்துக்கொண்டேயிருக்கும். வீட்டில் எல்லாருக்கும் முன்னெழுந்து எல்லாருக்கும் பின்னுறங்கும் கதைப்பெண்ணின் பெயரால் இது சிண்டரெல்லா கருதுகோள் எனப்படுகிறது. இது இன்னும் கருதுகோளே. எல்லா நோவையும் விளக்கும் முடிந்த முடிபன்று. ஆயினும் நடைமுறைக்குப் பயன்படும் கருத்தொன்று இதிலிருந்து பிறக்கின்றது. மெதுவாக வேலைசெய்தல் ஓய்வன்று. விசைகளின்மேல் விரல்களைத் தயாராக வைத்துத் திரையைப் பார்த்துக்கொண்டிருத்தலும் ஓய்வன்று. கையை மடியில் வைத்துத் தளரவிடுவதே ஓய்வு.

இக்கண்கொண்டு நோக்குமிடத்துப் பழைய தட்டெழுத்துப் பொறிக்கும் கணினிக்குமுள்ள வேறுபாடு தெளிவாகும். பழைய பொறியின் விசைகள் கடினமானவை. விரலுக்குக் கூடிய விசை வேண்டியிருந்தது. ஆனால் வரி முடியுந்தோறும் வண்டியைத் தள்ள வேண்டும். தாள் முடியுந்தோறும் மாற்ற வேண்டும். பிழை நேர்ந்தால் நிறுத்தி அழிக்க வேண்டும். முடிந்ததை எடுத்துக்கொண்டு எழுந்து நடக்கவும் வேண்டும். விரும்பாவிடினும் ஓய்வு பொறியிலேயே பொதிந்திருந்தது. கணினி இவ்விடைவெளிகளை ஒவ்வொன்றாக நீக்கிற்று. கோவை எடுக்க எழ வேண்டியதில்லை. கடிதத்தை அஞ்சலிட நடக்க வேண்டியதில்லை. பக்கத்து அறையில் இருப்பவருடன் பேசுவதற்கும் தட்டினாற் போதும். மிச்சப்படுத்திய நேரம் ஊழியரின் ஓய்வாக மாறாமல் மேலும் வேலையாக மாறியது. பொறி உழைப்பின் சுமையைக் குறைக்கும். அக்குறைவு யாருக்குப் பயன்படுகின்றது என்பதைப் பொறி தீர்மானிப்பதில்லை.

கணினியின் மீதான குற்றச்சாட்டு

இவ்விடத்து மிகைப்படுத்தலையும் தவிர்த்தல் வேண்டும். விசைப்பலகையே மணிக்கட்டுச் சுரங்க நோயைத் தருகின்றது என்ற கருத்து மக்களிடையே பரவலாக உண்டு. ஆய்வுகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. டென்மார்க்கில் ஏறத்தாழ 7,000 பேரை ஓராண்டு தொடர்ந்து அவதானித்து 2003இல் வெளியிடப்பட்ட ஆய்வு, விசைப்பலகைப் பாவனைக்கும் இந்நோய்க்கும் தெளிவான தொடர்பைக் காணவில்லை. வாரத்துக்கு 20 மணிக்கு மேல் சுட்டியைப் பயன்படுத்துவோரிடம் மாத்திரம் ஓரளவு தொடர்பு காணப்பட்டது. கடுவிசையுடன் பற்றிப் பிடிக்கும் தொழில்களும் அதிரும் கருவிகளைக் கையாளும் தொழில்களும் கணினியிலும் கூடிய ஆபத்து விளைவிப்பன. நீரிழிவு, தைரொயிட் சுரப்புக் குறைவு, மூட்டுவாதம், கருவுற்றிருத்தல், உடற்பருமன் ஆகியனவும் நரம்பு நெருக்குதலுக்கு வழிகோலுவன. ஆதலால் கைவிறைப்புடைய ஒருவர் கணினியை மாத்திரம் குறைகூறி நீரிழிவுப் பரிசோதனையைத் தவிர்ப்பாராயின் உண்மைக் காரணத்தைத் தவறவிடுதல் கூடும்.

அப்படியாயின் கணினியாற் கேடில்லை என்று கொள்ளலாமா? கொள்ளலாகாது. மேற்கூறிய முடிபு ஒரு குறிப்பிட்ட நரம்பு நோயைப் பற்றியதே. முன்னங்கைத் தசைகளின் நோவும், கழுத்து, தோள் நோவும், சுட்டியைப் பிடிக்கும் கையின் களைப்பும் கணினி வேலையோடு தொடர்புடையனவாகப் பல ஆய்வுகளிற் காணப்பட்டுள்ளன. இவற்றுட் பல கதிர்ப்படத்திலோ நரம்புச் சோதனையிலோ புலப்படுவதில்லை. புலப்படாமையைக் காரணங்காட்டி நோவை மறுப்பதே அவுஸ்திரேலியாவில் நிகழ்ந்த தவறு.

பெண்களிடையே இந்நோவுகள் கூடுதலாகக் காணப்படுவதையும் உடலமைப்பால் மாத்திரம் விளக்கிவிட முடியாது. தரவுப்பதிவு போன்ற ஒரே அசைவுள்ள, தன்வயமற்ற வேலைகள் பெரும்பாலும் பெண்களிடமே விடப்படுகின்றன. அலுவலகம் விட்டு வீடு திரும்பிய பின்னர் தேங்காய் துருவுவதும் ஈரத்துணி பிழிவதும் அம்மியில் அரைப்பதும் அதே கைகளே. பகலிற் களைத்த தசைநாண்கள் மாலையிலும் ஓய்வு காண்பதில்லை. நாளுக்கு எத்தனை மணிநேரம் கணினியில் இருக்கின்றீர்கள் என்று கேட்கும் மருத்துவர், வீட்டில் யார் தேங்காய் துருவுகின்றார் என்றும் கேட்பாராயின் நோயின் முழு வடிவம் புலப்படும்.

பெருவிரலின் புதிய சுமை

கையடக்கத் தொலைபேசி பத்து விரல்களின் வேலையை ஒன்றிரண்டு விரல்களிடம் ஒப்படைத்துள்ளது. பெருவிரல் மற்றைய விரல்களை எதிர்நோக்கிப் பற்றுவதற்கு அமைந்தது. சிறிய திரையின் மூலைகளை எட்டி எட்டித் தொடுவதற்கு அமைந்ததன்று. ஒற்றைக் கையிற் பிடித்து அக்கையின் பெருவிரலாலேயே எழுதும்போது, மற்றைய விரல்கள் பிடித்தவாறே இறுகியிருக்க, பெருவிரல் அடிமூட்டில் நீண்டும் வளைந்தும் அசைகின்றது. பலர் தொலைபேசியின் எடையைச் சிறுவிரலின்மேல் ஏற்றுகின்றனர். இதனோடு தலை தாழ்ந்து கழுத்தும் வளைகின்றது.

2020ஆம் ஆண்டில் கொவிட் தொற்றினால் எமது பல்கலைக்கழகங்களும் பாடசாலைகளும் மூடப்பட்டபோது கல்வி திரைகளுக்கு மாறிற்று. கணினி வாங்க இயலாத குடும்பங்களின் பிள்ளைகள் பாடக்குறிப்பு, ஒப்படை, பரீட்சை யாவற்றையும் தொலைபேசியிலேயே நிறைவேற்றினர். தொலைபேசியைக் குறைவாகப் பயன்படுத்துங்கள் என்ற அறிவுரை அவர்களுக்குப் பொருளற்றது. வசதியற்றவரே கூடிய உடற்சுமையுடைய கருவியைப் பயன்படுத்த நேர்வது கல்விச் சமத்துவத்தின் பேசப்படாத ஒரு பக்கமாகும்.

தமிழ் எழுதும் கை

தமிழில் எழுதுவோருக்கு விசைப்பலகையின் அமைப்பும் ஒரு பொருட்டாகும். யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து மலாயா சென்ற இரா. முத்தையா தமிழ்த் தட்டெழுத்துப் பொறியை உருவாக்கியவராகப் போற்றப்படுகின்றார். ஆங்கிலத்துக்கென அமைந்த பொறியினுள் தமிழின் எழுத்து வடிவங்களை அடக்குவது அரும்பணி. அவ்வழிவந்த கணினி விசைப்பலகைகளிற் பல எழுத்துகளுக்கு மாற்று விசையைச் சேர்த்து அழுத்த வேண்டியுள்ளது. அவ்வேலை பெரும்பாலும் சிறுவிரலின்மேல் விழுகின்றது. ஆங்கில ஒலிவழி எழுதும் முறையிலோ ஓரெழுத்துக்கே இரண்டு மூன்று தட்டல்கள் தேவைப்படும்.

1999இல் சென்னையில் நடைபெற்ற மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ் 99 அமைப்பு வேறொரு கொள்கையைக் கொண்டது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்தன. அடிக்கடி வரும் எழுத்துகள் விரல்கள் இயல்பாகத் தங்கும் வரிசையில் இடம்பெற்றன. இதனால் இரு கைகளும் மாறிமாறி உழைக்கின்றன. எவ்வமைப்புச் சிறந்தது என்று தீர்ப்பளிப்பது இங்கு நோக்கமன்று. பழகிய அமைப்பை மாற்றுவதற்கும் உழைப்பு வேண்டும். ஆயின் ஒரு மொழியின் விசைப்பலகையை நியமப்படுத்துவோர், எழுத்துகளின் வருகையெண்ணை மாத்திரமன்றி, அவற்றைத் தட்டும் விரலின் வலிமையையும் கணக்கில் எடுத்தல் வேண்டும் என்பது வலியுறுத்தத்தக்கது.

தனியாள் செய்யத்தக்கவை

தன் வேலையின் வேகத்தைத் தானே வகுக்கக்கூடியவர்கள் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளலாம்.

முதலாவது, ஓய்வு. மணிக்கொருமுறை ஐந்து நிமிடம் கைகளை முற்றாக விடுவித்து எழுந்து நடத்தல் நன்று. இடையிடையே அரை நிமிடம் கைகளை மடியில் தளரவிடலாம். கணினியிலிருந்து எழுந்து தொலைபேசியைக் கையிலெடுப்பது ஓய்வாகாது.

இரண்டாவது, உயரம். தோள்கள் தளர்ந்து, முழங்கை ஏறத்தாழச் செங்கோணத்தில் மடிந்திருக்க, விசைப்பலகை முழங்கை மட்டத்திலோ சற்றுக் கீழோ இருத்தல் வேண்டும். எங்கள் சாப்பாட்டு மேசைகள் இதற்குப் பெரும்பாலும் உயரமானவை. நாற்காலியில் தலையணையிட்டு உயர்ந்து, காலடியிற் பலகையொன்று வைப்பின் குறை தீரும். மடிக்கணினியில் திரையும் விசையும் இணைந்திருப்பதால் கழுத்துக்கு ஏற்றது கைக்கு ஏற்காது. நெடுநேர வேலைக்குத் தடித்த நூல்களின்மேல் அதனை உயர்த்தி, தனி விசைப்பலகையை இணைத்தல் நலம். கட்டிலிற் படுத்தவாறு எழுதுதல் தவிர்க்கத்தக்கது.

மூன்றாவது, மணிக்கட்டு. தட்டும்போது அது நேராக, மேசைவிளிம்பில் அழுந்தாமல் இருத்தல் வேண்டும். மணிக்கட்டுத் திண்டு தட்டாத வேளையிற் கையை வைப்பதற்கே உரியது. விசைப்பலகையின் பின்புறக் கால்களை உயர்த்துவது மணிக்கட்டை மேல்நோக்கி வளைப்பதால் அவற்றை மடித்துவிடுதல் நன்று. சுட்டி விசைப்பலகைக்கு அண்மையில் இருக்கவேண்டும். அதனை இறுகப் பிடிக்கலாகாது. பலர் தேவையிலும் கூடிய விசையுடன் தட்டுகின்றனர். மெல்லத் தட்டப் பழகுவது செலவில்லாத மருந்து.

நான்காவது, தொலைபேசி. வாசிக்கும்போது அதனை நூலொன்றிற் சாய்த்து வைக்கலாம். எழுதும்போது ஒரு கையிற் பிடித்து மறுகையின் சுட்டுவிரலால் எழுதலாம். அல்லது இரு பெருவிரல்களையும் மாற்றிமாற்றிப் பயன்படுத்தலாம். நீண்ட கடிதத்தைக் கணினிக்கு ஒத்திவைக்கலாம். குரல்வழி எழுதும் வசதியையும் பயன்படுத்தலாம்.

ஐந்தாவது, அறிகுறி. ஒருநாள் களைப்பு ஓர் இரவின் உறக்கத்தில் தீரும். தீராமல் வாரக்கணக்கில் நீடிக்குமாயின், இரவில் விறைப்பு உறக்கத்தைக் கலைக்குமாயின், பொருள்கள் கைநழுவி விழுமாயின், பெருவிரலடித் தசை மெலியுமாயின் தாமதியாது மருத்துவரை நாடுதல் வேண்டும். நரம்பு நெருக்குதலின் தொடக்க நிலையில் மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டியை இரவில் அணிதல் பயன்தரும். நெடுங்காலம் நெருக்குண்ட நரம்போ சத்திரசிகிச்சையின் பின்னரும் முற்றாக மீளாதிருக்கலாம். வலியைப் பொருட்படுத்தாது பயிற்சி செய்து வெல்ல முயல்வது தவறு.

நிறுவனத்தின் பொறுப்பு

மேற்கூறியவற்றுள் முதலாவதான ஓய்வு, ஊதியத்துக்கு உழைப்பவரின் கையில் இல்லை. பதிவுகளின் எண்ணிக்கைக்கேற்ப ஊதியம் பெறுபவரும், ஒவ்வொரு நிமிடமும் கணினியாற் கண்காணிக்கப்படுபவரும், ஐந்து நிமிடம் எழுந்து நடந்தால் அந்நேரத்துக்கு விலை கொடுப்பர். சரியாக அமருங்கள் என்று சுவரொட்டி ஒட்டும் நிறுவனம், எழுந்து செல்ல அனுமதியாவிடின் அச்சுவரொட்டி பழியை ஊழியர்மேற் சுமத்தும் கருவியாகிவிடும்.

ஓய்வு உற்பத்தியைக் குறைக்கும் என்ற அச்சத்துக்கும் ஆதாரம் வலுவானதன்று. ஐக்கிய அமெரிக்காவின் வருமானவரித் திணைக்களத்துத் தரவுப் பதிவாளரிடையே நடத்தப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இதனைச் சோதித்தது. வழமையான இரு 15 நிமிட ஓய்வுகளோடு, ஓய்வில்லாத மணித்தியாலங்களில் ஐந்து நிமிட ஓய்வு சேர்க்கப்பட்டது. மொத்தம் 20 நிமிடம் கூடுதலாக ஓய்ந்தும் வேலையின் அளவு குறையவில்லை. உடல்நோவும் கண்களைப்பும் குறைந்தன.

சட்டத்தின் நிலை நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றது. ஐரோப்பிய சமூகம் 1990இல் வெளியிட்ட திரைக்கருவிகள் பற்றிய பணிப்புரை, திரையில் செய்யும் வேலை இடைவெளிகளாலோ வேலைமாற்றத்தாலோ அவ்வப்போது இடையீடு பெறுமாறு திட்டமிடும் கடமையைத் தொழில்கொள்வோரிடம் சுமத்தியது. ஐக்கிய அமெரிக்காவிலோ நெடுங்கால முயற்சியின் பின்னர் 2000ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிடப்பட்ட விதிகள், 2001 மார்ச்சிற் சட்டமன்றத்தால் நீக்கப்பட்டன. உடலறிவியல் ஒன்றே, அதன் முடிபுகள் சட்டமாவதும் ஆகாதிருப்பதும் சமூக வலுச்சமநிலையைப் பொறுத்தன.

இலங்கையில் 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் பொறிகளும் கொதிகலன்களும் நிறைந்த தொழிற்சாலையை மனத்திற்கொண்டு இயற்றப்பட்டது. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என வேலைநேரத்தை வரையறுத்தது. அது பெரும் வெற்றி. ஆயின் எட்டு மணிநேரம் என்பது கையைப் பொறுத்தவரை ஒரே அளவன்று. எழுந்தும் இருந்தும் பலவகை வேலைசெய்யும் எட்டு மணிநேரமும், ஒரே விசைகளைத் தட்டும் எட்டு மணிநேரமும் வெவ்வேறானவை. நேரத்தின் நீளத்தோடு அதன் உள்ளமைப்பையும் கோரிக்கையாக்குவது தொழிற்சங்கங்களின் அடுத்த பணியாதல் வேண்டும்.

பல்கலைக்கழகங்கள் இதிற் காத்திருக்க வேண்டியதில்லை. கணினிக்கூடங்களின் மேசை, நாற்காலிகளின் உயரத்தைச் சீர்செய்தல், தொடர்ச்சியான செய்முறை வகுப்புகளுக்கிடையே இடைவெளி வகுத்தல், தட்டச்சுப் பணியைச் சில ஊழியர்மேல் மாத்திரம் குவியாது பகிர்தல், ஒப்படைகளைக் கையெழுத்திலும் ஏற்றல் என்பன பெருஞ்செலவு வேண்டாதவை. கைநோவுடன் வரும் ஊழியரின் முறைப்பாட்டை முதல் வாரத்திலேயே பதிவுசெய்து வேலையை மாற்றிக்கொடுத்தல் அவற்றுள் தலையாயது.

கணினியின் முன்னிருப்பவரின் கை எமது நாட்டில் நோகும் கைகளுள் ஒன்று மாத்திரமே. கொழுந்து பறிக்கும் கையும், ஆடைத் தொழிற்சாலையில் ஒரே தையலை நாள்முழுதும் தைக்கும் கையும் அதே தசைநாண்களால் ஆனவை. அவற்றின் நோவோ இன்னும் குறைவாகவே எழுதப்பட்டுள்ளது. படித்தவரின் மேசைக்கு இந்நோவு வந்துசேர்ந்தமையால் அது ஆய்வுப் பொருளாயிற்று. அவ்வாய்விற் பெறப்படும் அறிவு அம்மேசையோடு நின்றுவிடாது, எண்ணிக்கைக்கும் நிறைக்கும் கூலி பெறும் எல்லாக் கைகளுக்கும் ஓய்வைக் கோரும் அறிவாக விரிவடைய வேண்டும். பத்திர எழுத்தரின் இரு கைகளையும் இழக்கச் செய்த வேலையொழுங்கை மாற்றும் ஆற்றல் முந்நூறு ஆண்டுகளின் பின்னரேனும் எமக்கு வாய்த்தல் வேண்டும்.